சென்னையின் சாலை விரிவாக்கமும் சந்திப்பு மேம்பாலங்களும்: ஜெமினி முதல் கத்திப்பாரா வரை

சென்னை மாநகரின் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பதற்காகக் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நெடுஞ்சாலைகள் அகலப்படுத்தப்பட்டும், சாலைச் சந்திப்புகளில் மேம்பாலங்கள் கட்டப்பட்டும் வருகின்றன. 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலம் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. 2008இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் அதன் உச்சப் புள்ளி. ஒவ்வொரு கட்டுமானமும் தன் காலத்தின் ஒரு சிக்கலைத் தீர்த்தது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் நெரிசல் வேறோர் இடத்தில் தலைகாட்டியது. இது ஏன் நிகழ்ந்தது என்பதை அறிய, முதலில் நகரின் சாலை அமைப்பைப் பார்க்க வேண்டும்.

கோட்டையை நோக்கிய சாலைகள்

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் இடம் பெற்று, புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. நகரின் முக்கியச் சாலைகள் அனைத்தும் அக்கோட்டையிலிருந்தும் அதையடுத்த கறுப்பர் நகரத்திலிருந்தும் வெளிநோக்கிப் பிரிந்தன. தெற்கே சென்றது பெருந்தெற்குச் சாலை எனப்படும் ஜி.எஸ்.டி. சாலை. மேற்கே சென்றது பூந்தமல்லி நெடுஞ்சாலை. வடக்கே சென்றது ஜி.என்.டி. சாலை. வடமேற்கே திருவள்ளூர் சாலை சென்றது. விசிறியின் ஈர்க்குகள் கைப்பிடியில் ஒன்றுசேர்வதுபோல இவை யாவும் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் வந்து சேர்ந்தன.

கோட்டையையும் பரங்கிமலையையும் இணைத்த மவுண்ட் ரோடு இவற்றுள் முதன்மையானது. அச்சாலை அடையாற்றைக் கடக்கும் சைதாப்பேட்டையில் அர்மீனிய வணிகரான கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அறியப்பட்ட அது, மாம்பலம் என்ற ஊர்ப்பெயரின் திரிபால் அப்பெயர் பெற்றது. பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் கட்டியவர் இவரே. அதுவரை நீர் பெருகும் காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இப்பாலம் வழி திறந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பயன்பட்ட அப்பாலத்துக்கு மாற்றாக 1960களில் புதிய பாலம் கட்டப்பட்டது. அது இன்று மறைமலை அடிகள் பாலம் எனப்படுகிறது. மவுண்ட் ரோடும் முன்னாள் முதலமைச்சர் அண்ணாதுரையின் மறைவுக்குப் பின் அண்ணா சாலை என்று பெயர் மாறியது.

இந்த விசிறி அமைப்பு, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்தில் எவருக்கும் இடையூறாக இல்லை. 1895இல் மின்சார டிராம் வந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. மக்கள் தொகை கூடியபோது பயணிகளின் கணிசமான பகுதியை இவையே சுமந்தன. 1953இல் டிராம் சேவை நிறுத்தப்பட்டது. டிராமில் சென்றவர்கள் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் வண்டிக்கும் மாறினர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சமாக இருந்த நகர மக்கள் தொகை 1971இல் சுமார் 25 லட்சமாக உயர்ந்தது. சாலைகளின் அகலமோ பெரும்பாலும் பழைய அளவிலேயே இருந்தது.

அண்ணா மேம்பாலம்

அண்ணா சாலை, நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலை, கதீட்ரல் சாலை, ஜி.என். செட்டி சாலை ஆகியவை ஓரிடத்தில் கூடும் சந்திப்பு, அருகிலிருந்த ஜெமினி ஸ்டுடியோவின் பெயரால் ஜெமினி என்றே வழங்கியது. பல திசை வண்டிகளும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்ற இச்சந்திப்பில் மேம்பாலம் கட்டும் பணி 1971இல் தொடங்கி, 21 மாதங்களில் முடிந்தது. செலவு சுமார் 66 லட்சம் ரூபாய். 1973இல் இப்பாலம் திறக்கப்பட்டது.

இந்தியாவின் முதல் மேம்பாலம் 1965இல் பம்பாயின் கெம்ப்ஸ் கார்னர் பகுதியில் கட்டப்பட்டது. சென்னைப் பாலம் நாட்டின் மூன்றாவது மேம்பாலமாகவும், திறக்கப்பட்ட காலத்தில் நாட்டிலேயே நீளமானதாகவும் குறிப்பிடப்படுகிறது. அதிகாரப்பூர்வமாக அண்ணா மேம்பாலம் என்று பெயரிடப்பட்டாலும், மக்கள் வழக்கில் ஜெமினி பாலம் என்ற பெயரே நிலைத்தது. பாலத்தின் அருகே குதிரையை அடக்கும் வீரனின் சிலை உள்ளது. 1970களில் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவாக அது நிறுவப்பட்டது. அச்சட்டம் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. சிலை மட்டும் அங்கேயே நிற்கிறது.

அண்ணா மேம்பாலத்தின் தத்துவம் எளியது. ஒரு முதன்மைச் சாலையின் வண்டிகளை மேலே தூக்கிவிட்டால், கீழே மற்ற வண்டிகளுக்குச் சிக்னல் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு சந்திப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் இக்கணக்கு சரியானதே. 1990களின் இறுதியில் சென்னை மாநகராட்சி நகரின் உட்பகுதிச் சந்திப்புகளில் ஒன்பது மேம்பாலங்களைக் கட்டியதும் இதே கணக்கின் அடிப்படையில்தான்.

வளையச் சாலைகளின் தோற்றம்

விசிறி அமைப்பின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. தெற்கிலிருந்து மேற்குக்கோ வடக்குக்கோ போகவேண்டிய வண்டியும் நகரின் மையத்துக்கு வந்து திரும்ப வேண்டியிருந்தது. திண்டிவனத்திலிருந்து ஆந்திரத்துக்குச் செல்லும் லாரிக்கு நகருக்குள் எந்த வேலையும் இல்லை. ஆயினும் அது நகரத் தெருக்களில்தான் ஊர்ந்தது. 1970களில் உருவான சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் அதன் முதல் பெருந்திட்டமும் இதற்கு விடையாக வளையச் சாலைகளை முன்வைத்தன.

அவ்வாறு அமைந்ததே உள்வட்டச் சாலை. அதன் ஒரு பகுதியான நூறடிச் சாலை, இன்று ஜவஹர்லால் நேரு சாலை என்ற பெயருடன் கத்திப்பாராவிலிருந்து வடபழனி, கோயம்பேடு வழியாகப் பாடி வரை செல்கிறது. அது நகரின் விளிம்பில், ஓரளவு வெற்றிடங்களின் ஊடே போடப்பட்ட சாலை. ஆனால் நல்ல சாலை வந்த இடத்துக்கு நகரமும் வந்தது. இருபுறமும் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. கொத்தவால்சாவடியின் காய்கனிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. பாரிமுனையை ஒட்டி இயங்கிய வெளியூர்ப் பேருந்து நிலையமும் 2002இல் அங்கேயே வந்தது. மையத்தின் நெரிசலைக் குறைக்க எடுத்த இம்முடிவுகளால் அதன் ஒரு பகுதி நூறடிச் சாலைக்கு இடம்பெயர்ந்தது.

வளையச் சாலை இன்னொரு சிக்கலையும் உருவாக்கியது. அது ஒவ்வொரு வெளிச்செல்லும் சாலையையும் குறுக்கே வெட்டியது. ஜி.எஸ்.டி. சாலையைச் சந்தித்த இடம் கத்திப்பாரா, பூந்தமல்லி நெடுஞ்சாலையைச் சந்தித்த இடம் கோயம்பேடு, திருவள்ளூர் சாலையைச் சந்தித்த இடம் பாடி, ஜி.என்.டி. சாலையைச் சந்தித்த இடம் மாதவரம். சென்னைவாசிகளின் நினைவில் நெரிசலுக்குப் பெயர்போன சந்திப்புகள் பலவும் ஒரே கோட்டில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

கத்திப்பாரா மேம்பாலம்

தங்க நாற்கரத் திட்டத்துக்கு 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை 5,846 கி.மீ. நீள நெடுஞ்சாலைகளால் இணைப்பது அதன் நோக்கம். நாற்கரத்தின் ஒரு மூலை சென்னை. நான்குவழியாகவும் ஆறுவழியாகவும் அகலப்பட்ட நெடுஞ்சாலைகள் முன்னைவிட வேகமாக வண்டிகளை நகர வாசலில் கொண்டுவந்து சேர்க்கும் நிலை உருவானது. ஆகவே தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ் கத்திப்பாரா, கோயம்பேடு, பாடி ஆகிய சந்திப்புகளிலும் விமான நிலையத்தின் முன்பும் மேம்பாலங்கள் கட்டப்பட்டன.

இவற்றுள் பெரியது கத்திப்பாரா. அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, உள்வட்டச் சாலை, பரங்கிமலை–பூந்தமல்லி சாலை ஆகியவை கூடும் இடம் இது. முன்பு இங்கே நேரு சிலையுடன் ஒரு ரவுண்டானா இருந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம் குளோவர் இலை வடிவில் அமைந்தது. ஆசியாவின் மிகப் பெரிய குளோவர் இலை மேம்பாலம் என்று அது அப்போது பேசப்பட்டது. வானிலிருந்து எடுத்த அதன் படம் விரைவில் நகரின் அடையாளங்களுள் ஒன்றானது.

குளோவர் இலை எவ்வாறு இயங்குகிறது?

இரண்டு சாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் நேராகச் செல்லும் வண்டிகளுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவில் இடப்புறம் வண்டி ஓட்டுவதால், இடது பக்கம் திரும்புவதும் எளிது; ஒரு சரிவுப்பாதை போதும். வலது பக்கம் திரும்புவதுதான் கடினம். எதிர்த் திசை வண்டிகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். குளோவர் இலை அமைப்பில், வலப்பக்கம் செல்லவேண்டிய வண்டி முதலில் சந்திப்பைத் தாண்டிச் செல்லும். பின் இடது பக்கமுள்ள வளையத்தில் இறங்கி முக்கால் வட்டம் சுற்றி மற்றச் சாலையில் சேரும. நான்கு திசைக்கும் நான்கு வளையங்கள் அமையும்போது மேலிருந்து பார்க்க நான்கிதழ் இலைபோலத் தோன்றும். சிக்னல் ஒன்றுகூடத் தேவையில்லை.

இவ்வடிவத்துக்கு 1916இல் அமெரிக்கரான ஆர்தர் ஹேல் காப்புரிமை பெற்றார். 1929இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் வுட்பிரிட்ஜில் அந்நாட்டின் முதல் குளோவர் இலைச் சந்திப்பு திறக்கப்பட்டது. ஆனால் அதன் குறைகளும் சீக்கிரமே தெரிந்தன. முதலாவது, வளையங்களுக்கு நிறைய நிலம் வேண்டும். இரண்டாவது, ஒரு வளையத்திலிருந்து வெளிவரும் வண்டியும் அடுத்த வளையத்துக்குள் நுழைய விரும்பும் வண்டியும் ஒரே குறுகிய நீளத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தடம் மாற வேண்டும். பொறியாளர்கள் இதைப் பின்னல் என்பர். வண்டிகள் குறைவாக இருக்கும்போது பின்னல் தொல்லை தராது. வண்டிகள் நிரம்பும்போது அந்தச் சிறு நீளமே முழுச் சந்திப்பையும் மெதுவாக்கிவிடும். வுட்பிரிட்ஜின் குளோவர் இலையே பிற்காலத்தில் நீக்கப்பட்டு வேறு வடிவச் சந்திப்பாக மாற்றப்பட்டது. 1953இல் லாஸ் ஏஞ்சலிஸில் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்த நான்கடுக்குச் சந்திப்பு, வளையங்களைத் தவிர்த்துத் திரும்பும் பாதைகளை அடுக்கடுக்காக மேலே கொண்டுசெல்லும் முறையைக் காட்டியது.

கத்திப்பாராவில் சிக்னலில் நின்ற நேரம் மிச்சமானது உண்மை. விமான நிலையத்துக்குச் செல்பவர்கள் அதை உடனே உணர்ந்தனர். ஆனால் சந்திப்பைத் தடையின்றித் தாண்டிய வண்டிகள் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் அடுத்த நெருக்கத்தில் ஒருசேரச் சென்று நின்றன. சாலை ஒரு குழாய் என்று கொண்டால், அதன் ஒரு மூட்டைப் பெரிதாக்கியபின் அடுத்த குறுகிய மூட்டு வெளிப்பட்டது எனலாம்.

வெளிநோக்கி நகர்ந்த வளையங்கள்

உள்வட்டச் சாலை நகரத் தெருவாகிவிட்டதால் அதற்கும் வெளியே புதிய வளையங்கள் வேண்டியதாயிற்று. தாம்பரம் அருகே தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் வரை செல்லும் சுமார் 32 கி.மீ. நீளமுள்ள சென்னைப் புறவழிச்சாலை 2010 வாக்கில் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அது பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்கும் மதுரவாயலிலும் குளோவர் இலைச் சந்திப்பே அமைந்தது. அதற்கும் அப்பால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. நீளத்துக்கு வெளிவட்டச் சாலை போடப்பட்டது. முதல் கட்டம் 2014இல் திறக்கப்பட்டது. மீதி அதற்குப் பின் வந்தது.

தெற்கே, மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை ராஜீவ் காந்தி சாலை ஆறுவழியாக அகலப்படுத்தப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைத் தொடர்ந்து அச்சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகியதே இதற்குக் காரணம். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், வண்டலூர் மேம்பாலங்கள் 2020இல் திறக்கப்பட்டன. வெளியூர்ப் பேருந்து நிலையம் மீண்டும் ஒருமுறை வெளியே நகர்ந்து, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது.

இவ்விரிவாக்கங்களுக்கு நிலவியல் சார்ந்த ஒரு விலையும் இருந்தது. சென்னையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. ஏரிகளின் உபரி நீரும் அவ்வழியே செல்கிறது. வடக்கு தெற்காக உயர்ந்த கரையுடன் போடப்பட்ட புறவழிச்சாலை இந்நீரோட்டத்தைத் தடுக்கிறது என்ற விமரிசனம், 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது வலுப்பெற்றது. போதிய அகலமுள்ள மதகுகள் இல்லாத இடத்தில் சாலை அணையாகவும் மாறிவிடும் என்பதை அவ்வெள்ளம் நினைவூட்டியது.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை

சென்னையின் சாலைத் திட்டங்களில் நீண்ட தாமதத்துக்குப் பெயர்பெற்றது துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் பகலில் நகருக்குள் நுழைய முடியாமல் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தன. கூவம் ஆற்றை ஒட்டிச் சுமார் 19 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைத்தால் அவை நேராகத் துறைமுகம் செல்லலாம் என்பது திட்டம். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பிய நிலையில், ஆற்றின் நீரோட்டம் தடைபடும் என்ற காரணத்தைக் கூறி 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. வழக்கு நடந்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் பணி தொடரவில்லை. கூவம் கரையில் பாதியில் நின்ற தூண்கள் பல ஆண்டுகள் அவ்வழியே செல்வோரின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன.

திட்டம் பின்னர் ஈரடுக்குப் பாலமாக மாற்றியமைக்கப்பட்டது. கீழடுக்கு நகர வண்டிகளுக்கும், மேலடுக்கு துறைமுக லாரிகளுக்கும் என வகுக்கப்பட்டது. 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி இதற்கு மீண்டும் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 5,800 கோடி ரூபாய் அளவுக்கு உயர்ந்திருந்தது. இதற்கிடையே கூவம் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் கட்டப்பட்ட மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. வீட்டு வேலையும் கூலி வேலையும் நகரின் நடுவிலேயே இருந்ததால், முன்பு நடந்து வேலைக்குச் சென்றவர்கள் நெடுந்தொலைவு பேருந்தில் செல்ல வேண்டியதாயிற்று. பயண நேரத்தைக் குறைக்கப் போடும் சாலை, சிலரின் பயண நேரத்தைக் கூட்டவும் செய்தது.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையுமா?

இக்கேள்வி சென்னைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962இல், நகர விரைவுச்சாலைகளில் உச்சநேரப் போக்குவரத்து அச்சாலையின் முழுக் கொள்ளளவை எட்டும்வரை பெருகும் என்று எழுதினார். சாலை அகலமானதும், வேறு வழியில் சென்றவர்கள் இவ்வழிக்கு வருவர். வேறு நேரத்தில் சென்றவர்கள் இந்நேரத்துக்கு மாறுவர். பேருந்திலும் ரயிலிலும் சென்றவர்கள் சொந்த வண்டிக்கு மாறுவர். ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களில் சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தொலைவும் கூடுவதைக் காட்டியது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலை 2008இல் விரிவாக்கி முடிக்கப்பட்டது. பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் கொண்டது அது. சில ஆண்டுகளிலேயே அங்கு உச்சநேரப் பயண நேரம் மீண்டும் கூடத் தொடங்கியது.

இதனால் சாலைப் பணிகள் வீண் என்று முடிவுகட்ட இயலாது. கூடுதலாக ஓடும் வண்டிகளில் பயணமும் சரக்கும் வணிகமும் அடங்கியுள்ளன. ஆபத்தான சந்திப்பில் மேம்பாலம் வந்தால் மோதல்கள் குறையும். நகருக்கு வேலையில்லாத லாரியைப் புறவழிச்சாலை வெளியே அனுப்பும். ஆனால் நெரிசலை நிலையாகக் குறைப்பது என்ற வாக்குறுதியை, அகலம் ஒன்றால் மட்டும் நிறைவேற்ற முடிவதில்லை. சாலையில் இடம் பிடிக்காத வேறு பயண வழி அருகில் இருந்தால்தான் அது ஓரளவு கைகூடும்.

பாலத்தின் கீழும் மேலும்

கத்திப்பாராவே இதற்கு எடுத்துக்காட்டு. சென்னை மெட்ரோ ரயிலின் முதல் பகுதி 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அது நூறடிச் சாலையின் மேலேயே செல்கிறது. ஆலந்தூர் நிலையம் கத்திப்பாராவை ஒட்டியே உள்ளது. மேம்பாலம் வண்டிகளுக்காக மட்டுமே வரையப்பட்டிருந்ததால், ஒரு பேருந்தில் இறங்கி இன்னொரு பேருந்தில் ஏற வேண்டியவர்கள் வளையங்களைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. பாலத்தின் கீழ் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் 2021இல் கத்திப்பாரா நகர்ப்புறச் சதுக்கம் திறக்கப்பட்டது. பேருந்து நிற்குமிடம், வாகன நிறுத்தம், கடைகள், அமர்ந்திருக்க இடம் ஆகியவை அங்கு அமைந்தன. வண்டிகள் கடந்துபோகும் இடமாக மட்டும் இருந்த சந்திப்பு, மக்கள் கூடும் இடமாகவும் ஆனது.

இதே காலத்தில் மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாகனத் தடம் சுருங்கி நடைபாதை விரிந்த அரிய நிகழ்வு அது. சுமார் 119 கி.மீ. நீளமுள்ள மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளும் தொடங்கின. அதே வேளையில் 2024இல் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலைப் பணியும் தொடங்கியது. அச்சாலையின் அடியில் ஏற்கெனவே மெட்ரோ சுரங்கம் ஓடுகிறது.

அப்புதிய சாலை இறங்கும் பகுதிக்கு அருகேதான், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் உஸ்கான் ஆற்றைக் கடக்க மர்மலாங் பாலம் கட்டினார். அன்று அப்பாலத்தில் நடந்து சென்றவரும் வண்டியில் சென்றவரும் ஒரே வழியில் ஆற்றைக் கடந்தனர். இன்று அதே சாலை சுரங்கம், தரை, மேல்தளம் என மூன்று நிலைகளில் பயணிகளைச் சுமக்கிறது. தரையில் நடப்பவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது ஒவ்வொரு புதிய வரைபடத்தின்போதும் மீண்டும் எழும் கேள்வியாக உள்ளது.